கார் கைமாறினால் போதாது, பெயரும் மாற வேண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் பழைய காரை நேரடியாக விற்பவர்களுக்கு

பழைய காரை நேரடியாக விற்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், உடனே வரும் எச்சரிக்கை பணத்தைப் பற்றியதாகவே இருக்கும். கள்ள நோட்டு வரும், செக் திரும்பும், போனில் ஏமாற்றுவார்கள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கார் விற்றவர்கள் பலர் அல்லல்படுவதை நான் பார்ப்பது, முழுப் பணமும் ஒழுங்காக வந்துசேர்ந்த பிறகுதான். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறார், அல்லது அப்படியே இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுகிறார். காரின் பதிவுச் சான்றான ஆர்சியில் விற்றவரின் பெயர், விற்றவரின் முகவரி. கார் எந்த ஊரில் நிற்கிறது என்று அவருக்கே தெரியாது.

நாம் இருக்கும் இடமும் இதற்கு ஒரு காரணம். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்படியே பெங்களூரு. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் பக்கம் திரும்பினால் ஆந்திரம். டி.என். 29 தருமபுரி, டி.என். 24 கிருஷ்ணகிரி, டி.என். 70 ஓசூர் என்று எந்த எண்ணாக இருந்தாலும், எல்லை தாண்டி வாங்க ஆள் இருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். மறுபதிவு என்றால் அந்த மாநிலத்தின் வரி. அந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறவர் விற்றவரின் பெயரிலேயே ஓட்டுகிறார். பெங்களூரு சிக்னலில் கேமரா எடுத்த படத்துக்கான அபராதம் பாலக்கோட்டில் இருப்பவரின் போனுக்கு வருகிறது. அது சிறிய தொல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் கடத்தப்படும் குட்காவையும் கர்நாடக மதுவையும் கார்களோடு போலீசார் பிடிக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபட்ட காரின் ஆர்சியில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் விசாரணை முதலில் வரும்.

விபத்து இன்னும் கொடியது. காரை விற்றுவிட்டாலும், அது அதன் பிறகு பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டத்தின்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சமயத்தில் காருக்குக் காப்பீடு இல்லாமல் இருந்தால், இழப்பீட்டுச் சுமை முழுவதும் காரையே மறந்துபோன ஒருவரின் தலையில் விழும்.

ஆகவே கீழே பணத்தைப் பற்றியும் நிறையச் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு படியிலும் மனத்தில் வைத்திருக்க வேண்டியது ஒரே நாளைத்தான்: உங்கள் பெயர் ஆர்சியிலிருந்து நீங்கும் நாள். அன்றுதான் விற்பனை முடிகிறது.

விளம்பரம் கொடுப்பதற்கு முன்

முதலில் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். கார் அப்பா பெயரில் இருந்து, அவர் காலமாகிவிட்டார் என்றால், வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகே விற்க வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை வேண்டும். நம் கிராமங்களில் இந்த வேலையைச் செய்யாமல் வைத்திருக்கும் கார்கள் ஏராளம். அவற்றை வாங்க வருகிறவர் தரகராக இருந்தால், "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி விலையில் பெரிய தொகையைக் கழிப்பார். பிறகு இறந்தவரின் பெயரிலேயே கார் ஓடும். கொஞ்சம் அலைந்தாலும் பரவாயில்லை, நீங்களே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஆர்சியில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கார் வாங்கியபோது ஷோரூம்காரர் தன் எண்ணையோ ஏஜெண்டின் எண்ணையோ போட்டிருந்தால், அரசின் வாகனச் சேவை இணையதளமான பரிவாகன் தளத்தில் உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். வேறு யாருடைய எண்ணோ இருந்தால் காரின் சாவியில் பாதி அவரிடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். பதிவாகி 15 ஆண்டு முடிந்த கார் என்றால், பதிவைப் புதுப்பித்த பிறகு விற்பது நல்லது.

கடன் முடிந்த காராக இருந்தாலும் ஆர்சியில் வங்கியின் பெயர் நீங்காமல் இருக்கலாம். கடைசித் தவணை கட்டியதும் அது தானாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் பலர். வங்கியிடமிருந்து என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்னும் கடிதம்) படிவம் 35-உம் வாங்கி, ஆர்டிஓ (வட்டாரப் போக்குவரத்து) அலுவலகத்தில் கொடுத்து எச்.பி. கேன்சல் செய்ய, அதாவது ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்க வேண்டும். வங்கி தரும் அந்தக் கடிதத்துக்கு ஒரு காலவரம்பு இருக்கும். அது தாண்டிவிட்டால் திரும்பப் போய் நிற்க வேண்டும்.

கடன் இன்னும் மீதம் இருக்கும் காரை என்ன செய்வது? இதில் ஒரு பொறி இருக்கிறது. "கையில் ஒரு லட்சம் தருகிறேன், மீதி தவணைகளை நானே கட்டிக்கொள்கிறேன்" என்று ஒருவர் வருவார். முதல் இரண்டு மூன்று தவணை ஒழுங்காகப் போகும். பிறகு நின்றுவிடும். கடன் உங்கள் பெயரில், கார் அவரிடம். அவர் அதை வேறு மாவட்டத்தில் அடகு வைத்திருப்பார். வங்கி உங்களைத்தான் கேட்கும், கடன் நம்பகத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் உங்களுடையதுதான் சரியும். எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்குபவரோடு வங்கிக் கிளைக்கே போய், அவர் தரும் பணத்தில் கடனை முடித்து, என்ஓசி வந்த பிறகு மீதியைப் பேசிக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது

முகநூல் சந்தையிலோ, ஓஎல்எக்ஸ் போன்ற தளங்களிலோ, ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலோ போடுங்கள். படங்கள் பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். கீறல் இருந்தால் அதையும் காட்டுங்கள். உண்மையாக வாங்க நினைப்பவர் கீறலுக்காக ஓடமாட்டார், மறைத்ததற்காகத்தான் ஓடுவார்.

ஆர்சியின் படத்தை மட்டும் போடாதீர்கள். "சார், ஆர்சி போட்டோ அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்" என்று கேட்பவர்களுக்கும் அனுப்பாதீர்கள். பரிவாகன் தளத்தில் ஒரு காரின் சேவைகளுக்குள் நுழைய வண்டி எண்ணோடு சேசிஸ் எண்ணின் (காரின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) கடைசி ஐந்து இலக்கங்களைக் கேட்பார்கள். வண்டி எண் தெருவில் போகும் எல்லோருக்கும் தெரியும், சேசிஸ் எண் அப்படியல்ல. கட்டாயம் காட்டத்தான் வேண்டும் என்றால் அந்த ஐந்து இலக்கங்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள். நேரில் வருபவருக்கு முழுதாகக் காட்டலாம். ஆதாரும் பான் அட்டையும் போனில் யாருக்கும் போகக் கூடாது.

போனில் வருபவர்கள்

விளம்பரம் போட்ட அன்றைக்கே வரும் அழைப்புகளில் பாதி தரகர்களிடமிருந்து வரும். அதில் தப்பில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் "பார்ட்டி ரெடி" என்று சொல்லிக் காரை வாங்கிக்கொண்டு போய், பத்து பேரிடம் காட்ட உங்கள் காரையே ஓட்டிக்கொண்டிருக்கும் தரகருக்குச் சாவி கொடுக்க வேண்டாம். பார்ட்டி உங்கள் வீட்டுக்கு வரட்டும்.

உண்மையான மோசடிக்காரர்களை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. அவர்கள் காரைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். டயர் எப்போது மாற்றினீர்கள், ஏசி வேலை செய்கிறதா, எத்தனையாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர் என்று நம் ஊர்க்காரர் ஒருவர் துளைத்தெடுப்பார். மோசடிக்காரர் விலையைக்கூடக் குறைத்துக் கேட்கமாட்டார். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், போஸ்டிங் மாறிவிட்டது, அவசரமாகக் கார் வேண்டும்" என்பார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். அந்தப் படங்கள் யாரோ ஒரு வீரருடையவை, திருடப்பட்டவை. அதன்பின் "டோக்கன் அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார்.

இந்த இடத்தில் ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், குறிப்பாகக் கார் பேச்சை அப்பாவோ மாமனாரோ பார்த்துக்கொண்டால். பணம் வாங்க ஸ்கேன் செய்யத் தேவையில்லை. யுபிஐ ரகசிய எண் போடத் தேவையில்லை. ரகசிய எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்று பொருள். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இன்னும் சில வடிவங்கள் உண்டு. 20,000 ரூபாய் அனுப்புவதற்குப் பதிலாக 2 லட்சம் அனுப்பிவிட்டதாக ஒரு குறுஞ்செய்தி வரும், "அவசரம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அழுவார். குறுஞ்செய்தி வங்கியிலிருந்து வந்ததாக இருக்காது, அவரே தட்டச்சு செய்தது. வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வேறொருவர், உங்கள் காரின் வரலாற்று அறிக்கை வேண்டும் என்று ஒரு தளத்தின் இணைப்பை அனுப்பி, அதில் உங்கள் அட்டை விவரத்தைப் போடச் சொல்வார். அறிக்கை வேண்டுமானால் வாங்குபவர் எடுத்துக்கொள்ளட்டும், எம்பரிவாகன் செயலியிலேயே அடிப்படை விவரம் கிடைக்கிறது. ஆர்டிஓ சலான் என்ற பெயரில் ஒரு ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப்பில் வந்தால் திறக்காதீர்கள். அது போனில் இறங்கினால் உங்களுக்கு வரும் ஓடிபிகளைப் படித்துவிடும். கார் விற்பனைக்கு இருக்கும் நாட்களில், ஏதோ பழைய அபராதம்தான் வந்திருக்கிறது என்று நம்பி அதைத் தொட்டுவிடுவது எளிது.

காரைக் காட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் காட்டுங்கள். வீடு ஊருக்கு வெளியே, தோட்டத்தில் என்றால் கடைத்தெருப் பக்கம் வரச் சொல்லலாம். தருமபுரி நான்கு ரோடு, கிருஷ்ணகிரி புதிய பேருந்து நிலையம் போன்ற இடங்களில் நெரிசல் இருக்கும், ஆனால் யாரும் துணிந்து எதுவும் செய்யமாட்டார்கள். உடன் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்பவரின் ஓட்டுநர் உரிமத்தை முதலில் வாங்கிப் பாருங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டாம். நேர்மையானவர் கோபப்படமாட்டார். உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது. நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் போக வேண்டும். வந்தவர்கள் மூன்று பேர் என்றால் ஓட்டுபவர் ஒருவர் மட்டும் ஏறட்டும், மற்றவர்கள் நிற்கட்டும். வழியை நீங்கள் சொல்லுங்கள். தொப்பூர் கணவாய்ப் பக்கம் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பார்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் அந்த இறக்கம் விபத்துக்குப் பெயர்போனது, புதிய ஆளைத் தெரியாத காரோடு அங்கே கொண்டுபோகக் கூடாது. ஊர்ச் சாலையும் சர்வீஸ் ரோடும் போதும்.

இடம் மாறி உட்காரும் தருணத்தில் கவனம் தேவை. நீங்கள் இறங்கிச் சுற்றி வருவதற்குள் கார் கிளம்பிவிட்ட கதைகள் உண்டு. என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அவர் உட்கார்ந்து, நீங்களும் உட்கார்ந்த பிறகு சாவியைக் கொடுங்கள். ஆர்சி அசலும் இரண்டாவது சாவியும் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

மெக்கானிக்கை அழைத்து வந்து பார்ப்பது வாங்குபவரின் உரிமை. மெக்கானிக் சொல்லும் குறை பெரிதாகத் தோன்றினால், உங்கள் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு விலை பேசுகிறேன் என்று சொல்லி நிறுத்துங்கள். அந்த இடத்திலேயே விலையை இறக்கிக் கையெழுத்து வாங்கப் பார்ப்பவர்களுக்கு அவசரம், உங்களுக்கு அவசரமில்லை.

பணம்

முதலில் ரொக்கம். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 முதல் வருமானவரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உண்டு. அந்த அபராதம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. அதாவது விற்கும் உங்களுக்கு. நாளைக்கு ஒரு லட்சம், மறுநாள் ஒரு லட்சம் என்று பிரித்து வாங்கினாலும் ஒரே காருக்கான பணம் ஒரே கணக்குத்தான். மாங்காய் விற்ற பணம், மாடு விற்ற பணம் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் நல்ல மனிதரிடம்கூட இதை எடுத்துச் சொல்லி, பெரும்பகுதியை வங்கி வழியே வாங்குங்கள். ரொக்கமாக வரும் பகுதியை வங்கிக் கிளையிலேயே எண்ணி, உங்கள் கணக்கில் கட்டச் செய்வது நல்லது. கள்ள நோட்டுப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

2 லட்சத்துக்கு மேல் அனுப்ப ஆர்டிஜிஎஸ் என்ற வங்கிப் பரிமாற்றம் சரியான வழி. 2020 டிசம்பரிலிருந்து அது இரவு பகல், ஞாயிறு எல்லா நேரமும் இயங்குகிறது. ஆகவே "ஞாயிற்றுக்கிழமை, பேங்க் லீவு, நாளைக்கு வந்துவிடும்" என்று சொல்பவரை அப்படியே நம்பிவிடாதீர்கள். நெஃப்ட் என்ற இன்னொரு வங்கிப் பரிமாற்றத்தில் போட்டால் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும், சிறிது காத்திருக்கலாம். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். பணம் போனதைப் போலவே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. உங்கள் வங்கிச் செயலியில் இருப்பு உயர்ந்திருக்க வேண்டும், பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யுடிஆர் எண் பொருந்த வேண்டும். செயலி பயன்படுத்தத் தெரியாதவர்கள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்ப் பதிந்து பார்க்கலாம். அதுவரை வாங்குபவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவையுங்கள். சாவி மேசைக்கு வரக் கூடாது.

செக் வாங்காதீர்கள். டிமாண்ட் டிராஃப்ட் என்றால் போலியாகவும் இருக்கலாம். அதைக் கொடுத்த கிளைக்கு நீங்களே தேடிப் பிடித்த எண்ணில் பேசி உறுதி செய்ய வேண்டும், டிராஃப்டில் அச்சிட்டிருக்கும் எண்ணில் அல்ல.

இப்போது நான் எல்லாவற்றையும்விட அதிகம் அஞ்சுவது வேறு ஒன்று. பணம் வந்துவிட்டது, உண்மையாகவே வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது. எங்கோ வடமாநிலத்தில் ஒருவரிடம் இணையத்தில் மோசடி செய்த பணம் உங்கள் காருக்காக உங்கள் கணக்கில் விழுந்திருக்கிறது, அங்கிருக்கும் சைபர் போலீஸ் அந்தத் தொகையை முடக்கச் சொல்லி வங்கிக்கு எழுதியிருக்கிறது. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் நிரூபிக்கும்வரை அலைய வேண்டும். இதைத் தவிர்க்க ஒரே வழி: காரை யார் பெயருக்கு மாற்றுகிறீர்களோ அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே பணம் வர வேண்டும். "நண்பர் அனுப்புவார்", "கம்பெனிக் கணக்கிலிருந்து வரும்", "மூன்று பேர் பிரித்து அனுப்புகிறார்கள்" எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் கடன் எடுத்து வாங்குகிறார் என்றால் வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும், அந்தக் கடனின் ஒப்புதல் கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள். விற்பனை ஒப்பந்தமும் பேச்சின் வாட்ஸ்அப் பதிவுகளும் அழியாமல் இருக்கட்டும். கணக்கு முடங்கினால் அவைதான் உங்கள் சாட்சி.

"பாதி இப்போது, மீதி அறுவடை முடிந்ததும்" என்ற பேச்சு நம் பக்கம் சாதாரணம். உறவுக்காரர், நம்பலாம் என்றால் கொடுத்துவிடுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், மீதி வரும்வரை கார் உங்கள் வீட்டிலேயே நிற்கட்டும். உறவும் கெடாது.

தாள்கள்

படிவம் 29 விற்பவர் ஆர்டிஓவுக்குத் தரும் அறிவிப்பு, இரண்டு நகல். படிவம் 30 உரிமை மாற்ற விண்ணப்பம். நம் ஊரில் கார் விற்பனை என்றாலே இந்த இரண்டிலும் வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்று வழக்கமாகிவிட்டது. தரகருக்கு இது மிக வசதி. யார் பெயரையும் எழுதலாம், எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், அதுவரை கார் உங்கள் பெயரிலேயே நான்கைந்து கை மாறலாம். வாங்குபவரின் பெயர், தந்தை பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். நிரப்பிய படிவங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே "இந்த எண் காரின் உரிமை மாற்றத்துக்கு மட்டும்" என்று வண்டி எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அடுத்தது டெலிவரி நோட்டு, அதாவது காரை ஒப்படைத்ததற்கான கடிதம். இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதில் தேதியோடு நேரமும் இருக்க வேண்டும், நிமிடம் வரை. பிற்பகல் 3.40-க்குக் காரைக் கொடுத்தீர்கள், 4.30-க்குக் காரிமங்கலம் அருகே விபத்து என்றால், அந்த நேரம்தான் பேசும். வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், விலை, பணம் வந்த யுடிஆர் எண், வாங்குபவரின் முகவரி, கைபேசி, இரண்டு சாட்சிகள். மீட்டரைப் படம் எடுங்கள். வாங்குபவர் காரோடு நிற்கும் படம் ஒன்றும் எடுங்கள். இனி வரும் அபராதம், வழக்கு, விபத்து எல்லாம் வாங்குபவர் பொறுப்பு என்றும், இத்தனை நாளுக்குள் பெயர் மாற்றுவேன் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

ஆனால் இந்த நோட்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல அது உதவும், பிறகு வாங்கியவரிடம் நஷ்டத்தைக் கேட்கவும் உதவும். விபத்தில் பாதிக்கப்பட்டவர் தொடுக்கும் இழப்பீட்டு வழக்கில் பதிவேட்டில் இருக்கும் பெயரை அது அழித்துவிடாது.

பெயர் மாற்றம்

தமிழ்நாட்டுக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்றவருக்கு 45 நாட்கள். இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு.

"அண்ணா, ஒரு வாரத்தில் மாற்றிவிடுகிறேன்" என்ற வாக்கை நம்பி உட்காராமல், விண்ணப்பத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து சாவி கொடுக்கும் நாளிலேயே பரிவாகன் தளத்தில் பதிந்துவிடுவதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. இணையத்தில் பழக்கம் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். கட்டணம் கட்டியதும் ஒரு விண்ணப்ப எண் கிடைக்கும், அதை வைத்து நிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓடிபி உங்களுக்கு வரும். பணம் முழுவதும் வந்த பிறகே அதைச் சொல்லுங்கள், விண்ணப்பத்தை உங்கள் கண்ணெதிரே நிரப்பும்போது மட்டும் சொல்லுங்கள். பெயர் மாறும்வரை திருப்பித் தரக்கூடிய ஒரு வைப்புத்தொகையைக் கேட்டு வாங்கி வைப்பதும் பலன் தருகிறது. 10,000 ரூபாய் உங்களிடம் நின்றால் அவர் ஆர்டிஓ அலுவலகத்துக்கு வழி கண்டுபிடித்துவிடுவார்.

பெங்களூருக்கோ குப்பத்துக்கோ கார் போகிறது என்றால், படிவம் 28-இல் விண்ணப்பித்து உங்கள் ஆர்டிஓவிடம் என்ஓசி (வேறு மாநிலத்தில் பதிய ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். அது இல்லாமல் அங்கே பெயர் மாறாது. "என்ஓசி எல்லாம் பிறகு, முதலில் காரைக் கொடுங்கள்" என்பவர் பெயர் மாற்ற நினைக்காதவர். என்ஓசி கைக்கு வந்த பிறகே காரைக் கொடுங்கள். சில வாரங்கள் தாமதமாகலாம். வெளிமாநிலத்துக்காரர் கூடுதலாக நாற்பதாயிரம் தருகிறார் என்பதற்காகவே இந்தப் படியைத் தாண்டியவர்கள்தான் இன்று பெங்களூரு அபராதங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர்க்காரருக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

பழைய கார் வாங்கி விற்கும் கடையான கார் கன்சல்டிங்கில் கொடுக்கும்போது அங்கே கேட்க வேண்டியது வேறு. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படிப்பட்டவரிடம் காரை ஒப்படைக்கும்போது, படிவம் 29சி வழியாக அதை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு கார் தொடர்பான பொறுப்பு டீலருக்குப் போகிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் உங்களுக்கு ஒரு தரகர் மட்டுமே, அப்படியே நடத்துங்கள்.

சாவி கொடுத்த அன்றே

ஃபாஸ்டாக்கைக் கொடுத்த வங்கியிடம் சொல்லி மூடுங்கள், கண்ணாடியிலிருந்து கிழித்துவிடுங்கள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலும் தொப்பூர் அருகே பாளையம் சாவடியிலும் அவர் போகும்போதெல்லாம் உங்கள் பணம் கழிவதோடு, கார் போன வழியெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும். காரின் திரையில் இணைத்திருந்த உங்கள் போனையும் தொடர்புகளையும் அழியுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்றதை எழுத்தில் தெரிவியுங்கள். நீங்கள் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான காப்பீட்டுத் தள்ளுபடி) காருக்கு அல்ல, உங்களுக்கு உரியது. அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கினால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்கும். இதைக் கேட்காமல் விடுபவர்கள் மிகப் பலர்.

பிறகு எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் பெயரை அவ்வப்போது பாருங்கள். முப்பது நாள் கழிந்தும் மாறவில்லை என்றால் பேசிக்கொண்டே இருக்க வேண்டாம். நிரப்பிய படிவம் 29, டெலிவரி நோட்டின் நகல், வாங்கியவரின் ஆதார் நகல் மூன்றையும் வைத்து ஆர்டிஓவுக்கு ஒரு கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். நேரில் முடியாவிட்டால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதே கடிதத்தின் நகல் உங்கள் காவல் நிலையத்துக்கும், வாங்கியவருக்கும் போகட்டும். கார் பற்றிய தகவல் தெரியாமலே போய்விட்டால், அல்லது வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று கைவிரித்தால், காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் எந்தத் தடயமும் இருக்காது.

பணம் கணக்கிலிருந்து போய்விட்டது என்றால் வேறு எதையும் செய்வதற்கு முன் 1930 என்ற எண்ணை அழையுங்கள். நாடு முழுவதற்கும் இணைய நிதி மோசடிக்கான உதவி எண் அது. அழைப்பவர் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. வெட்கத்தில் இரவு முழுவதும் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு மறுநாள் காலையில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டியிருக்கும். அழைக்கும்போது பணம் போன நேரம், தொகை, யுடிஆர் எண், அவர் பேசிய கைபேசி எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அதன் பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணோடு வங்கிக் கிளைக்கும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போங்கள்.